பழைய 2 ஜிபி மெஷின்ல வெப் சர்வர் திணறாம ஓட என்ன செய்யணும்

பரண்ல தூசி பிடிச்சுக் கிடக்கற பழைய லேப்டாப்பையோ டெஸ்க்டாப்பையோ எடுத்து அதுல சொந்தமா ஒரு வெப் சர்வர் ஓட்டிப் பாக்கலாம்னு பலருக்கும் ஒரு நாள் ஆசை வரும், வந்ததும் லினக்ஸ் போட்டு, அப்பாச்சி போட்டு, மைஎஸ்க்யூஎல் போட்டு, வேர்ட்பிரஸ் போட்டு, தன்னோட ஃபோன்ல திறந்து பாத்தா சூப்பரா வருது. நாலு பேருக்கு லிங்க் அனுப்பி நாலு பேரும் ஒரே நேரத்துல திறந்தாங்கன்னா மெஷின் அப்படியே உறைஞ்சு போய் ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரன்னு அரைச்சுக்கிட்டு இருக்கும். உடனே "இந்த டப்பா எதுக்கும் ஆகாது" ன்னு மறுபடி பரண்ல ஏத்திடுவாங்க.

உண்மையில அந்த டப்பா மேல பெரிய தப்பு எதுவும் இல்ல. பழைய மெஷினை வேகமாக்க நம்மால முடியாது, ஆனா அது செய்யற வேலையில முக்கால்வாசி செய்யத் தேவையே இல்லாத வேலை, அதைக் கண்டுபிடிச்சு நிறுத்துனா போதும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் ஒவ்வொண்ணா பாக்கப் போறோம்.

உதாரணத்துக்கு ஒரு கோர் 2 டியோ லேப்டாப், 2 ஜிபி ராம், 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ன்னு வெச்சுக்கறேன். உங்ககிட்ட ஆட்டம் நெட்புக்கோ பழைய ராஸ்பெர்ரி பையோ இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான், நம்பர் மட்டும் மாறும். பென்டியம் 4 டெஸ்க்டாப்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க, அது 24 மணி நேரமும் ஓடினா தின்னுற கரண்டுக்கு அது குடுக்கற வேலை ரொம்பக் கம்மி.

இன்னொண்ணு, கமாண்ட், செட்டிங் பேரெல்லாம் இங்க உச்சரிப்புல எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ்லதான் அடிக்கணும், செட்டிங் பேர்ல இருக்கற இடைவெளி பெரும்பாலும் கான்ஃபிக் ஃபைல்ல அண்டர்ஸ்கோரா இருக்கும்.

முதல்ல மூடியைக் கழட்டுங்க

சாஃப்ட்வேருக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. ஃபேன்ல, ஹீட் சிங்க்ல அடைச்சிருக்கற தூசியை எடுக்காம எந்த ட்யூனிங் பண்ணாலும் வேஸ்ட், ஏன்னா சூடு ஏறினா பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், நீங்க கான்ஃபிக் ஃபைலையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. பத்து வருஷம் பழசுன்னா தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும், துடைச்சுட்டு புதுசு தடவுங்க.

லேப்டாப்னா பேட்டரியைத் தொட்டுப் பாருங்க. நல்லா இருந்தா அதுவே ஒரு குட்டி யூபிஎஸ். லேசா உப்பியிருந்தாக்கூட உடனே கழட்டிடுங்க, எந்நேரமும் சார்ஜ்லயே கிடக்கற உப்பின பேட்டரி தீப்பிடிக்கற சமாச்சாரம். மூடியை மூடினா தூங்கிப் போகாம இருக்க லாக்இன்டி கான்ஃபிக்ல ஹேண்டில் லிட் ஸ்விட்ச் ங்கறதை இக்னோர் ன்னு மாத்தணும், இதை மறந்துட்டு "சர்வர் அடிக்கடி டவுன் ஆகுது" ன்னு புலம்பறவங்க நிறைய.

அப்புறம் மதர்போர்டுல இருக்கற காசு சைஸ் பேட்டரி, டெஸ்க்டாப்ல பெரும்பாலும் சிஆர்2032. பழைய மெஷின்ல இது செத்துத்தான் இருக்கும். செத்தா என்ன, கடிகாரம்தானேன்னு நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு தடவ கரண்ட் போய் வந்த பிறகு அப்டேட் எதுவும் இறங்கல, வெளிய போற ஹெச்டிடிபிஎஸ் எல்லாமே சர்டிஃபிகேட் எரர், அரை நாள் ஃபயர்வாலை நோண்டிக்கிட்டு இருந்தேன். கடைசில டேட் கமாண்ட அடிச்சா மெஷின் பல வருஷம் பின்னாடி போய் நிக்குது, எல்லா சர்டிஃபிகேட்டும் அதோட கணக்குல "இன்னும் செல்லுபடியாகல". இதுல காமெடி என்னன்னா நேரத்தை நெட்ல இருந்து எடுத்து சரி பண்ற சர்வீஸை "தேவையில்லாதது" ன்னு ஒரு வாரம் முன்னாடி நானேதான் நிறுத்தியிருந்தேன். அதனால கீழ சர்வீஸ் நிறுத்தற இடம் வரும்போது டைம் சிங்க்க மட்டும் தொடாதீங்க.

எது மூச்சு முட்டுதுன்னு பாருங்க

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு, நெட்ல "ஹை பெர்ஃபார்மன்ஸ்" ன்னு இருக்கற கான்ஃபிக்க அப்படியே காப்பி பண்றது. அது 32 ஜிபி, 64 ஜிபி ராம் இருக்கற மெஷினுக்கு எழுதினது, எல்லா நம்பரையும் ஏத்தி விட்டிருப்பாங்க. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

ஒரு சர்வர் மூச்சு முட்டறது மூணு இடத்துலதான்: ராம், டிஸ்க், சிபியு. பழைய மெஷின்ல பெரும்பாலும் இதே வரிசையிலதான் வரும். எதுன்னு பாக்க பெரிய டூல் எதுவும் வேண்டாம், விஎம்ஸ்டாட் 1 ன்னு அடிங்க, செகண்டுக்கு ஒரு வரி ஓடும். அதுல எஸ்ஐ, எஸ்ஓ ன்னு ரெண்டு காலம் (நெடுவரிசை) இருக்கும், ஸ்வாப்ல (ராம் பத்தாதப்ப பயன்படுத்த டிஸ்க்ல ஒதுக்கற இடம்) இருந்து ராமுக்கு உள்ள வர்றதும், ராம்ல இருந்து ஸ்வாப்புக்கு வெளிய போறதும். ரெண்டும் எப்பவும் பூஜ்யமா இருக்கணும், எப்பவாவது ஒரு தடவ எட்டிப் பாத்தா பரவாயில்ல, ஆள் வர்றப்பல்லாம் ரெண்டுலயும் ஆயிரக்கணக்குல நம்பர் ஓடுச்சுன்னா ராம் பத்தல, வேற எதையும் பாக்கவே வேண்டாம், முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ஸ்வாப் பூஜ்யம், ஆனா டபிள்யூஏ ங்கற காலம் ஏறி நிக்குதுன்னா சிபியு டிஸ்க்குக்காக கைகட்டி நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் சும்மா இருந்து யுஎஸ் காலம் மட்டும் 90க்கு மேல இருந்தா நிஜமாவே சிபியு வேலை.

ஃப்ரீ கமாண்ட்ல ஒரு குழப்பம் வரும். ஃப்ரீ ங்கற காலத்துல 80 எம்பிதான் இருக்குன்னு பயந்துடாதீங்க, லினக்ஸ் காலியா இருக்கற ராமை எல்லாம் படிச்ச ஃபைல்களை வெச்சுக்க எடுத்துக்கும், தேவைப்பட்டா உடனே விட்டுக் குடுக்கும். பாக்க வேண்டியது அவெய்லபிள் ங்கற காலம்.

லோடு குடுத்துப் பாக்கறதுக்கு ஏபி ன்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அப்பாச்சி யூடிலிட்டீஸ் பேக்கேஜ்ல வரும். மொத்தம் 500 ரிக்வெஸ்ட், ஒரே நேரத்துல 10 ன்னு குடுத்து ஓட்டுங்க, செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் முடிஞ்சதுன்னு சொல்லும், அந்த நம்பரை ஒரு நோட்டுல எழுதி வைங்க. இதை வேற மெஷின்ல இருந்து ஓட்டணும். அதே பழைய மெஷின்லயே ஓட்டினா டெஸ்ட் பண்றதே பாதி சிபியுவைத் தின்னுடும்.

ஓஎஸ்

திரை, மவுஸ், ஐகான் எல்லாம் சர்வருக்கு எதுக்கு. டெஸ்க்டாப் இல்லாம இன்ஸ்டால் பண்ணுங்க, ஏற்கனவே போட்டிருந்தா சிஸ்டம்சிடிஎல் ல டீஃபால்ட்ட மல்டி யூசர் டார்கெட்டுக்கு மாத்தி ரீபூட் பண்ணுங்க, அதுலயே சில நூறு எம்பி ராம் திரும்பக் கிடைக்கும். ப்ளூடூத், பிரிண்டர் சர்வீஸ், மோடம் மேனேஜர் மாதிரி ஓடிக்கிட்டு இருக்கறதை எல்லாம் நிறுத்துங்க (டைம் சிங்க் ஞாபகம் இருக்குல்ல).

உங்க சிபியு 32 பிட்டா 64 பிட்டான்னு முதல்லயே பாத்துக்கங்க. கோர் 2 டியோ 64 பிட், பிரச்சனை இல்ல. 2008 வாக்குல வந்த ஆட்டம் என்270 மாதிரி நெட்புக் சிப் 32 பிட் மட்டும்தான், 2025ல வந்த டெபியன் 13ல இருந்து 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் கிடையாது. அந்த மாதிரி மெஷினுக்கு ஆல்பைன் லினக்ஸ் பாருங்க, ரொம்பக் குட்டி, 32 பிட்டும் இருக்கு. சப்போர்ட் முடிஞ்சு போன பழைய ஓஎஸ்ஸை மட்டும் "பழைய மெஷினுக்கு பழைய ஓஎஸ்தான் லைட்டு" ன்னு போட்டு நெட்டுக்கு திறந்து விட்டுடாதீங்க.

சில புது சாஃப்ட்வேர் பழைய சிபியுல ஸ்டார்ட்டே ஆகாது, மாங்கோடிபி 5.0ல இருந்து ஏவிஎக்ஸ் ன்னு ஒரு வசதியை சிபியுல எதிர்பாக்குது, கோர் 2 டியோல அது கிடையாது, "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" ன்னு ஒரு வரி போட்டுட்டு செத்துடும். அப்படி வந்தா கான்ஃபிக்ல தேடாதீங்க, அங்க ஒண்ணும் இல்ல.

ராம் கணக்கு, இங்கதான் முக்காவாசி விஷயமே இருக்கு

அப்பாச்சியை பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) மாட்யூலோட போட்டா அது பிரீஃபோர்க் முறையில ஓடும், அதாவது ஒரு கனெக்ஷனுக்கு ஒரு முழு பிராசஸ், ஒவ்வொரு பிராசஸுக்குள்ளயும் பிஹெச்பி முழுசா உக்காந்திருக்கும். டெபியன்ல இதோட உச்ச வரம்பு 150. ஒரு பிராசஸ் 40 எம்பின்னு வெச்சாலும் 150க்கு 6000 எம்பி. நம்மகிட்ட இருக்கறதே 2000. அதாவது அந்த கான்ஃபிக் "கூட்டம் வந்தா செத்துப் போ" ன்னு முன்னாடியே எழுதி வெச்ச மாதிரி.

இதுல இன்னொரு கொடுமை, கீப் அலைவ். ஒருத்தர் பக்கத்தைத் திறந்து படிச்சுக்கிட்டு இருப்பார், அடுத்த ரிக்வெஸ்ட் வருமான்னு அந்த 40 எம்பி பிராசஸ் 5 செகண்ட் சும்மா காத்துக்கிட்டு இருக்கும். வெறும் படம் ஒண்ணு அனுப்பறதுக்குக்கூட பிஹெச்பியைத் தூக்கிச் சுமந்துக்கிட்டுத்தான் போகும். ஸ்லோ மொபைல் நெட்ல பத்து பேர் வந்தாங்கன்னா பத்து பிராசஸ் பிடிபட்ட மாதிரி நிக்கும்.

அதனால அப்பாச்சியை விட்டு என்ஜின்எக்ஸ் ங்கற வெப் சர்வருக்கு மாறுங்க. ஈகோர் சிசோயெவ் 2004ல வெளியிட்டது, ஆயிரக்கணக்கான கனெக்ஷனை ஒரே மெஷின் எப்படித் தாங்கும்ங்கற கேள்விக்கு பதிலா வந்தது. ஒரு கோருக்கு ஒரு வொர்க்கர், அந்த ஒண்ணே எல்லா கனெக்ஷனையும் மாத்தி மாத்தி கவனிக்கும், யார்கிட்ட டேட்டா தயாரா இருக்கோ அவங்களை மட்டும் பாக்கும். சும்மா காத்துக்கிட்டு இருக்கற 10,000 கீப் அலைவ் கனெக்ஷனுக்கு 2.5 எம்பி வாக்குலதான் மெமரி ஆகும்னு என்ஜின்எக்ஸ் காரங்களே சொல்றாங்க. லைட்டிபிடி யும் நல்லதுதான், அதுவும் இதே வகை. அப்பாச்சியை விடவே முடியாது, ஹெச்டிஆக்சஸ் ஃபைல் எல்லாம் வேணும்னா ஈவென்ட் எம்பிஎம் க்கு (அப்பாச்சியோட இன்னொரு ஓட்ட முறை) மாத்தி பிஹெச்பியை எஃப்பிஎம் ல தனியா ஓட்டுங்க, பாதி பலனாவது கிடைக்கும்.

இப்ப பிஹெச்பி எஃப்பிஎம், என்ஜின்எக்ஸ் தானா பிஹெச்பியை ஓட்டாது, வெளிய தனியா நின்னு ஓட்டிக் குடுக்கறது இதுதான். இதுல மேக்ஸ் சில்ட்ரன் ன்னு ஒரு நம்பர் இருக்கு, ஒரே நேரத்துல எத்தனை பிஹெச்பி வொர்க்கர் ஓடலாம்ங்கறது, இந்த ஒத்த நம்பர்தான் உங்க சர்வர் பொழைக்குமா சாகுமான்னு முடிவு பண்ணுது. கணக்கு இப்படி:

மொத்தம் 2000 எம்பி. ஓஎஸ்ஸுக்கு 200. டேட்டாபேஸுக்கு 300. என்ஜின்எக்ஸ்ஸுக்கு 30 போதும். ஃபைல் கேஷுக்குன்னு 500 கட்டாயம் ஒதுக்கணும், இதை விட்டுட்டா ஒவ்வொரு படத்துக்கும் டிஸ்க்குக்கு ஓடும். மிச்சம் 970. டாப் கமாண்ட்ல ஒரு பிஹெச்பி வொர்க்கர் ரெஸ் காலத்துல எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க, 60 எம்பின்னு வந்தா 970 ஐ 60 ஆல வகுத்தா 16. (அந்த 60ல ஒரு பங்கு எல்லா வொர்க்கரும் பொதுவா வெச்சிருக்கற மெமரி, அதனால நிஜமான செலவு இன்னும் கம்மியாத்தான் இருக்கும், கணக்கு பாதுகாப்பான பக்கம்தான் நிக்குது.)

சரி 16 போட்டுடலாமான்னா வேண்டாம். சிபியுல கோர் ரெண்டுதான் இருக்கு. 16 பேர் ஒரே நேரத்துல ரெண்டு அடுப்புல சமைக்க நின்னா எல்லாருக்கும் லேட்டாகும், ஒருத்தருக்கும் சீக்கிரம் வராது. டேட்டாபேஸுக்குக் காத்திருக்கற நேரத்தையும் சேத்துப் பாத்தாலும் 5 இல்லன்னா 6 போதும். ஏழாவது ஆள் வந்தா எர்ரர் வராது, வரிசையில கொஞ்ச நேரம் நிப்பார், அப்படி நிக்க வைக்க ராம் செலவு ரொம்பச் சொற்பம். அரை செகண்ட் வரிசையில நிக்கறதும் மெஷின் ஸ்வாப்ல விழுந்து எல்லாரும் ஒரு நிமிஷம் நிக்கறதும் ஒண்ணா?

நாள் முழுக்க எப்பவாவதுதான் ஆள் வருவாங்கன்னா பிஎம் செட்டிங்க ஆன்டிமாண்ட் ன்னு வைங்க, வேலை இல்லாதப்ப வொர்க்கர் எல்லாம் போயிடும், ராம் ஃபைல் கேஷுக்குப் போகும். மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் 500 ன்னு ஒண்ணு வெச்சா மெதுவா மெமரி கசியற பிளகின் இருந்தாலும் வொர்க்கர் அப்பப்ப புதுசாகிடும்.

ஓபிகேஷ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பிஹெச்பி 5.5ல இருந்தே கூடவே வருது, இது இல்லன்னா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் நூத்துக்கணக்கான பிஹெச்பி ஃபைலை மொதல்ல இருந்து படிச்சு கம்பைல் பண்ணும், பழைய சிபியுக்கு அதுவே மூச்சு வாங்கும். பிஹெச்பி 5ல இன்னும் இருந்தா 8க்கு வாங்க, 2015 கடைசில வந்த 7லயே வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாச்சு, ஹார்டுவேர் வாங்காம கிடைக்கற வேகம் அது.

ஸ்வாப் பத்தி ஒரு வார்த்தை. ராமுக்கும் சுத்தற டிஸ்க்குக்கும் வேக வித்தியாசம் லட்சம் மடங்கு வாக்குல இருக்கும், அதனால டிஸ்க்ல ஸ்வாப்ங்கறது ஆம்புலன்ஸ் மாதிரி, தினமும் ஆஃபீஸ் போறதுக்கு இல்ல. இசட்ராம் ன்னு ஒண்ணு இருக்கு, ராம்லயே ஒரு பகுதியை சுருக்கி வெச்சு ஸ்வாப்பா காட்டும், கொஞ்சம் சிபியு எடுத்துக்கும், ஆனா டிஸ்க்குக்குப் போறதை விட எவ்வளவோ மேல். 2 ஜிபி மெஷின்ல ஒரு 1 ஜிபி இசட்ராம் போட்டுக்கங்க. எதுவும் போடாம ராம் முழுசா தீர்ந்தா கெர்னல் யாரையாவது கொன்னாகணும், அது பெரும்பாலும் அதிகம் தின்னுறவரைத்தான் பிடிக்கும், அதாவது உங்க டேட்டாபேஸை. "டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர்" ன்னு திடீர்னு வந்தா டிமெஸ்ஜி (dmesg) கமாண்ட்ல பாருங்க, கில்டு ன்னு ஒரு வரி கிடக்கும்.

டேட்டாபேஸ்

மைஎஸ்க்யூஎல் 8 சும்மா இருக்கறப்பவே சில நூறு எம்பி எடுத்துக்கும், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா ங்கற கண்காணிப்பு வசதி அதுல டீஃபால்ட்டாவே ஆன். அதை ஆஃப் பண்ணுங்க, இல்ல மரியாடிபி க்கு மாறுங்க, அதுல டீஃபால்ட்டாவே ஆஃப்தான். பஃபர் பூல் சைஸ், அதாவது டேட்டாவை ராம்ல வெச்சுக்க எடுத்துக்கற இடம், 128 எம்பி டீஃபால்ட், ஒரு சின்ன பிளாக்கோட டேட்டா மொத்தமே அதுக்குள்ள அடங்கிடும், "ராம்ல 70 சதவீதம் குடு" ங்கற அட்வைஸ் டேட்டாபேஸ் மட்டுமே ஓடற மெஷினுக்கு சொன்னது, இங்க செல்லாது. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் 151 இருக்கும், பிஹெச்பி வொர்க்கரே 6 தான்னு இருக்கறப்ப 20 தாராளம்.

இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்ஷன் கமிட் ன்னு ஒரு நீளமான செட்டிங், 1ல இருக்கும், ஒவ்வொரு தடவ எழுதும்போதும் டிஸ்க்ல அழுத்தி எழுதிட்டுத்தான் நகரும். 2ன்னு மாத்தினா செகண்டுக்கு ஒரு தடவதான் அழுத்தும், கரண்ட் போனா கடைசி ஒரு செகண்ட் கமெண்ட் போகலாம். பிளாக்குக்கு ஓகே. பணக் கணக்கு வெச்சிருந்தா தொடாதீங்க.

நீங்களே எழுதற சின்ன ஆப்புன்னா எஸ்க்யூலைட் போதும், தனி சர்வர் பிராசஸே கிடையாது, டபிள்யூஏஎல் மோட் மட்டும் ஆன் பண்ணிக்கங்க, அப்பதான் ஒருத்தர் எழுதறப்ப மத்தவங்க படிக்கலாம்.

ஒரே பக்கத்தை எதுக்கு நூறு தடவ சமைக்கணும்

மேல சொன்ன எல்லாத்தையும் விட பெரிய லாபம் இங்கதான். உங்க பிளாக்கோட முகப்பை 100 பேர் பாக்கறாங்க, 100 பேருக்கும் ஒரே பக்கம்தான் போகுது, அதுக்கு பிஹெச்பி 100 தடவ ஓடி, டேட்டாபேஸை ஆயிரம் தடவ கேள்வி கேட்டு, ஒரே ஹெச்டிஎம்எல் ஐ 100 தடவ தயாரிக்குது.

முடிஞ்சா சைட்டையே ஸ்டேட்டிக் ஆக்கிடுங்க. ஹ்யூகோ மாதிரி ஒரு டூல்ல உங்க நல்ல லேப்டாப்லயே பக்கங்களைத் தயாரிச்சு, வெறும் ஹெச்டிஎம்எல் ஃபைலா பழைய மெஷினுக்கு அனுப்பிடுங்க. அப்ப அங்க பிஹெச்பியும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம், மேல நான் நீட்டி முழக்கின ராம் கணக்கும் வேண்டாம். ராம்ல இருந்து ஃபைலை எடுத்து நெட்வொர்க் கார்டுக்கு தள்ளற வேலையை ஒரு கோர் 2 டியோ அலட்டிக்காம செய்யும், பெரும்பாலும் உங்க இன்டர்நெட் அப்லோடு வேகம்தான் முதல்ல முட்டும்.

அது முடியாது, வேர்ட்பிரஸ்தான் வேணும்னா என்ஜின்எக்ஸ்ல ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் இருக்கு. பிஹெச்பி தயாரிச்ச பக்கத்தை 10 செகண்ட் வெச்சுக்க சொல்லுங்க. பத்து செகண்ட்ல என்ன ஆகப் போகுதுன்னு தோணும். செகண்டுக்கு 20 பேர் வர்ற கூட்டத்துல 10 செகண்டுக்கு 200 ரிக்வெஸ்ட், அதுல பிஹெச்பி ஓடறது ஒரே ஒரு தடவ. மீதி 199 பேருக்கும் ரெடிமேட். கூடவே கேஷ் லாக் ஆன் பண்ணுங்க, இல்லன்னா 10வது செகண்ட் முடிஞ்சதும் காத்திருந்த மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல பிஹெச்பி மேல பாய்வாங்க. யூஸ் ஸ்டேல் அப்டேட்டிங் போட்டா புது பக்கம் தயாராகற வரைக்கும் பழசையே குடுக்கும்.

ஒரே ஒரு இடத்துல கவனம். லாகின் பண்ணவங்களுக்கு கேஷ் கூடவே கூடாது, லாகின் குக்கி இருந்தா கேஷ்ல இருந்து எடுக்கவும் கூடாது, கேஷ்ல வைக்கவும் கூடாது, பைபாஸ், நோ கேஷ் ன்னு ரெண்டு தனித்தனி செட்டிங். நான் முதல்ல பைபாஸ் மட்டும் போட்டுட்டு திருப்தியா இருந்தேன். ஒரு ஃபிரண்டு ஃபோன் பண்ணி "உன் சைட்ல மேல கறுப்பா ஒரு பட்டை, அதுல உன் பேர் போட்டு வணக்கம்னு வருதே" ன்னான். அட்மினா நான் பாத்த பக்கம் கேஷ்ல போய் உக்காந்து ஊருக்கே தெரிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. பட்டையில எதையும் கிளிக் பண்ணி உள்ள போக முடியாதுதான், ஆனாலும் மானம் போச்சு.

படங்களையும் இங்கயே சொல்லிடறேன். ஃபோன்ல எடுத்த ஃபோட்டோ 4 எம்பி, அப்படியே ஏத்திடறோம். அப்லோடு 10 எம்பிபிஎஸ் ன்னா செகண்டுக்கு 1.25 எம்பிதான் வெளிய போகும், ஒரு படத்துக்கே 3 செகண்டுக்கு மேல, எந்த என்ஜின்எக்ஸ் ட்யூனிங்கும் இதைக் காப்பாத்தாது. அகலத்தை 1200 பிக்சலுக்கு சுருக்கி வெப்பி ஃபார்மட்ல வைங்க, சுருக்கற வேலையை நல்ல மெஷின்ல பண்ணிட்டு ஏத்துங்க. சிஎஸ்எஸ், படம், ஃபான்ட்டுக்கெல்லாம் கேஷ் கன்ட்ரோல் ஹெட்டர்ல ஒரு மாசம், ஒரு வருஷம்னு குடுத்துட்டா ரெண்டாவது தடவ வர்றவங்க அதைக் கேக்கவே மாட்டாங்க.

ஜிஸிப்பும் ஹெச்டிடிபிஎஸ்ஸும்

ஜிஸிப் (பக்கத்தை சுருக்கி அனுப்பறது) வேணும், ஆனா லெவல் 9 வேண்டாம். 9ல கொஞ்சம்தான் கூட சுருங்கும், சிபியு செலவு பல மடங்கு. 1 இல்லன்னா 2 போதும். அதை விட நல்லது ஜிஸிப் ஸ்டேட்டிக், சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைலை முன்னாடியே ஒரு தடவ லெவல் 9ல சுருக்கி பக்கத்துலயே வெச்சுட்டா என்ஜின்எக்ஸ் அதை அப்படியே எடுத்துக் குடுத்துடும். படங்களை ஜிஸிப் பண்ண சொல்லாதீங்க, ஏற்கனவே சுருங்கினதுதான்.

ஹெச்டிடிபிஎஸ்ல பழைய சிபியுக்கு ஒரு விசேஷப் பிரச்சனை. இப்ப வர்ற பிராசஸர்ல ஏஇஎஸ் என்க்ரிப்ஷனுக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, இன்டெல்ல 2010 வாக்குலதான் வந்துச்சு, கோர் 2 டியோல இல்ல, ராஸ்பெர்ரி பையில 4 வரைக்கும் இல்ல. சிபியு இன்ஃபோ ஃபைல்ல ஃப்ளாக்ஸ் வரியில ஏஇஎஸ் ன்னு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா சாச்சா20 பாலி1305 ங்கற சைஃபரை (என்க்ரிப்ஷன் முறை) லிஸ்ட்ல முதல்ல வெச்சு, சர்வர் சொல்ற வரிசைதான்னு செட் பண்ணுங்க, இந்த மாதிரி சிபியுக்கு அது நல்லா வேகமா ஓடும். நம்ப வேண்டாம், ஓபன்எஸ்எஸ்எல் ஸ்பீட் கமாண்ட்ல ரெண்டையும் ஓட்டி உங்க மெஷின்லயே பாத்துக்கங்க. ஏஇஎஸ்ஸை லிஸ்ட்ல இருந்து தூக்கிடாதீங்க, ரெண்டாவதா இருக்கட்டும்.

சின்ன சைட்ல டேட்டாவை என்க்ரிப்ட் பண்றதை விட கனெக்ஷன் தொடங்கறப்ப ரெண்டு பக்கமும் சாவியைப் பேசி முடிக்கற முதல் கைகுலுக்கலுக்குத்தான் செலவு ஜாஸ்தி. அதுக்கு ஆர்எஸ்ஏ சர்டிஃபிகேட்டை விட்டு இசிடிஎஸ்ஏக்கு மாறுங்க, சர்வர் பக்கம் கையெழுத்து போடற வேலை பல மடங்கு குறையும். சர்டிஃபிகேட் எடுத்துக் குடுக்கற டூலான செர்ட்பாட் 2.0ல இருந்து புதுசா எடுத்தா இசிடிஎஸ்ஏதான் வரும், ஆனா முன்னாடியே ஆர்எஸ்ஏல எடுத்தது புதுப்பிக்கறப்ப ஆர்எஸ்ஏவாவே தொடரும், கீ டைப் சொல்லி மறுபடி எடுக்கணும். எஸ்எஸ்எல் செஷன் கேஷ்ஷும் ஆன் பண்ணுங்க, 1 எம்பில 4000 செஷன் வாக்குல அடங்கும்.

டிஸ்க்

5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்த 11 மில்லி செகண்ட், சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும், முள்ளு நகர்ற நேரத்தையும் சேத்தா செகண்டுக்கு 60, 70 இடத்துலதான் படிக்க முடியும். அவ்வளவுதான் அதோட உலகம். அதனால ஒரே ஒரு பொருளுக்கு செலவு பண்ணலாம்னா ராம் ஏத்துங்க, அது முடியாதுன்னா சின்ன எஸ்எஸ்டி. பழைய சாட்டா போர்ட்ல முழு வேகம் வராதுன்னு சொல்லுவாங்க, வராதுதான், ஆனா 150 எம்பி வந்தாலே உங்க 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் கார்டு தாண்டற 12.5 எம்பியை விட பல மடங்கு, நமக்கு வேண்டியது நினைச்ச இடத்துல உடனே படிக்கறது, அதுல எஸ்எஸ்டி எங்கயோ இருக்கு.

ஆக்சஸ் லாக் ஒவ்வொரு ஹிட்டுக்கும் ஒரு வரி எழுதும். பஃபர் 32கே, ஃப்ளஷ் 1எம் (ஒரு நிமிஷம்) ன்னு சேத்துட்டா மொத்தமா சேத்து வெச்சு எழுதும். படம், சிஎஸ்எஸ்ஸுக்கு லாக்கே வேண்டாம், ஆஃப். எஸ்டி கார்டுல ஓட்டறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், கார்டு ஆயுசு கூடும். நோஏடைம் (ஃபைலைப் படிச்ச நேரத்தை டிஸ்க்ல குறிக்காம விடறது) போடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, போடலாம், ஆனா 2009ல இருந்தே லினக்ஸ்ல ரெல்ஏடைம் (அப்பப்ப மட்டும் குறிக்கறது) டீஃபால்ட், பெருசா வித்தியாசம் தெரியாது.

வர்றவங்க எல்லாம் மனுஷங்க இல்ல

லாக்கை ஒரு நாள் நிதானமா படிச்சுப் பாருங்க. டபிள்யூபி லாகின், எக்ஸ்எம்எல்ஆர்பிசி ன்னு ரெண்டு ஃபைலை யாரோ விடாம தட்டிக்கிட்டு இருப்பாங்க, உங்க சைட்ல வேர்ட்பிரஸ்ஸே இல்லன்னாலும் தட்டுவாங்க. வேர்ட்பிரஸ் இருந்தா ஒவ்வொரு தட்டலும் கேஷ்ல அடங்காத ஒரு முழு பிஹெச்பி ஓட்டம். எக்ஸ்எம்எல்ஆர்பிசி பயன்படுத்தலன்னா என்ஜின்எக்ஸ்லயே மறுத்துடுங்க, லாகின் பக்கத்துக்கு லிமிட் ரிக்வெஸ்ட் போட்டு ஒரு ஐபிக்கு நிமிஷத்துக்கு சில தடவன்னு கட்டுங்க. தேடல் பக்கம், டேக் பக்கம்னு முடிவில்லாம மேயற க்ராலரை ரோபாட்ஸ் ஃபைல்ல சொல்லிப் பாருங்க, கேக்காததை யூசர் ஏஜென்ட் வெச்சு தள்ளிடுங்க. வேர்ட்பிரஸ் ஆள் வர்றப்ப நேரம் பாத்து ஓட்டற பின்னணி வேலைகளை டிசேபிள் டபிள்யூபி கிரான் போட்டு நிறுத்தி, அதுக்கு பதிலா சிஸ்டம் கிரான்ல 15 நிமிஷத்துக்கு ஒரு தடவன்னு வெச்சா வர்றவங்க தலையில அந்த வேலை விழாது.

மாத்தற முறை

ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். பழைய கான்ஃபிக்கை காப்பி எடுத்துட்டு மாத்துங்க, என்ஜின்எக்ஸ்ஸை டெஸ்ட் ஆப்ஷனோட ஓட்டி தப்பில்லன்னு சொன்னதும் ரீலோடு பண்ணுங்க, மறுபடி அதே ஏபி, அதே 500, அதே 10, விஎம்ஸ்டாட் ஒரு பக்கம் ஓடட்டும், நோட்டுல அடுத்த வரியா எழுதுங்க. நம்பர் ஏறலன்னா மாத்தினதைத் திரும்ப எடுத்துடுங்க, "இருந்துட்டுப் போகட்டும்" ன்னு விட்ட செட்டிங்தான் ஆறு மாசம் கழிச்சு உயிரை வாங்கும். ஸ்பெக்டர் மாதிரி பிராசஸர்ல இருக்கற ஓட்டைகளுக்கான பாதுகாப்பை கெர்னல்ல ஆஃப் பண்ணா வேகம் வரும்னு யாராவது சொன்னா, நெட்டுக்குத் திறந்து வெச்ச மெஷின்ல அதைச் செய்யாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் கடைசியா ஒண்ணு. பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிட்டு, மெஷினை முறையா ஷட்டவுன் பண்ணி, வயரைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டு திரும்ப சொருகுங்க. கீபோர்டைத் தொடாம ஃபோன்ல சைட்டைத் திறங்க. வரலன்னா எந்த சர்வீஸை எனேபிள் பண்ண மறந்தீங்கன்னு இப்பவே தெரிஞ்சுடும், வந்துடுச்சுன்னா உள்ள போய் டேட் கமாண்டையும் ஒரு தடவ அடிச்சுப் பாத்துடுங்க.